குளிர்கால விராலும் சைக்கிள் டியூப் தவளையும்

போன மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பிள்ளைகள் காரில் வந்து என் வீட்டு வாசலில் இறங்கினார்கள். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை, லீவு நாளில் தூண்டில் போடுவது பொழுதுபோக்கு. மீன்வளத் துறையில் பீல்டுமேனாக இருந்து ரிட்டயர் ஆன கிழவன் ஒருவன் காஞ்சிபுரத்தில் இருக்கிறான், குளிரில் விரால் பிடிக்கிற வித்தை அவனுக்குத் தெரியும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

"அங்கிள், விண்டர்ல விரால் கடிக்கவே மாட்டேங்குது. ஏதாவது டெக்னிக் சொல்லுங்க" என்றான் ஒருவன். மிட்டாய்க் கடைக் கண்ணாடிப் பெட்டி மாதிரி ஒரு பெட்டியைத் திறந்து காட்டினான். உள்ளே பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ரப்பர் தவளைகள். வெளிநாட்டுச் சரக்காம். அதைப் பார்த்ததுமே எனக்குக் கணுக்கால் வலித்தது. காரணம் பிறகு சொல்கிறேன்.

என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு திருப்புட்குழிப் பக்கத்து ஏரிக்குப் போனார்கள். நான் காட்டிய இடத்தில் போட்டு, நான் சொன்ன மாதிரி காத்திருந்து, ஒருவன் முழங்கை நீளத்துக்கு ஒரு விரால் எடுத்துவிட்டான். ஒரே கூச்சல். மீனை முத்தமிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டான். அப்புறம் குனிந்து அதே தண்ணீரில், அதே இடத்தில், மெதுவாக விட்டான்.

"இங்கயேவா விட்ட?" என்றேன்.

"ஆமா அங்கிள். கேட்ச் அண்ட் ரிலீஸ். உயிரைக் கொல்லக் கூடாதுல்ல?"

அவனுக்குப் பின்னால் கரைமேல் துறையின் பலகை நிற்கிறது. அந்த ஏரியில் போன மாதம்தான் கட்லாவும் ரோகுவும் குஞ்சு விட்டிருக்கிறார்கள் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. ஒரு விரால் ஒரு வேளைக்கு எத்தனை குஞ்சு விழுங்கும் என்று அந்தப் பிள்ளைக்கு யார் சொல்வது? சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டது அறுபதுகளிலேயே முடிந்துபோன கதை. டெக்னிக்கை எழுதித் தரச் சொன்னார்கள். எழுதுகிறேன். ஆனால் டெக்னிக்கை மட்டும் தனியாகப் பிய்த்து எழுத எனக்கு வராது. முழுசாகப் படித்தால் அதுவும் உள்ளே இருக்கும்.

நான் பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பம். பெயர் ஏகாம்பரம். தறிக்குழியில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் எனக்கு இடுப்புக்குக் கீழே மரத்துவிடும். அப்பா திட்டிப் பார்த்தார், அண்ணன் அடித்துப் பார்த்தான், கடைசியில் ஆளை விட்டால் போதும் என்று விட்டுவிட்டார்கள். பத்தாவது முடித்துவிட்டு அரசாங்க மீன் பண்ணையில் கொஞ்ச காலம் பயிற்சி. குஞ்சுகளைத் தொட்டியில் பழக்குவது, பால் கேன்களில் அடைத்து லாரியில் கொண்டுபோவது, ஏரித் தண்ணீரோடு சூடு ஒத்துப்போகும்வரை கேனை முக்கி வைத்து மெதுவாகச் சாய்த்து விடுவது. இவ்வளவுதான் படிப்பு. அது முடிந்ததும் இந்தத் திருப்புட்குழி ஏரிக்குப் பீல்டுமேனாகப் போட்டார்கள். தற்காலிக வேலை. அந்த ஏரியில் விட்ட குஞ்சு கோடைவரை பிழைத்து வளர்ந்தால் திட்டம் தொடரும், என் வேலையும் நிரந்தரமாகும். பிழைக்காவிட்டால் திட்டமும் இல்லை, நானும் இல்லை. என் மனைவி சரோஜாவுக்கு அப்போது தலைப்பிரசவம் ஆகியிருந்தது. நான் திரும்பிப் போய் அண்ணன் முன்னால் தறிக்குழியில் கால் விடுவதைவிட ஏரியிலேயே இறங்கிவிடுவேன் என்று அவளிடம் சொல்லியிருந்தேன்.

அந்த வருஷம் அபூர்வமாக ஏரி கோடையில் அடிவரை வற்றிப்போயிருந்தது. சேற்றில் கிடந்ததையெல்லாம் ஊர் ஜனம் அள்ளிக்கொண்டு போய்விட்டது. ஆகவே ஐப்பசி மழையில் ஏரி நிரம்பி, கார்த்திகையில் நாங்கள் குஞ்சு விட்டபோது, அதைத் தின்ன உள்ளே ஒரு விரால்கூட இல்லை. இதைவிட நல்ல ஏரி கிடைக்காது என்று எல்லோரும் சொன்னார்கள்.

பத்துப் பதினைந்து நாள்கூட ஆகவில்லை. நண்பகலில் கரையில் நடந்துகொண்டிருக்கிறேன், மதகுப் பக்கம் 'ப்ளக்' என்று ஒரு சத்தம். விரால் மூச்சு வாங்குகிற சத்தம். மறுநாள் இன்னொரு இடத்தில் ஒன்று. அதற்கு மறுநாள் பனைவரிசைப் பக்கம் ஒன்று. வலை போடலாம் என்றால் ஏரிக்குள் முழுக்க முழுகிய கருவேல முள். வலை நார் நாராக வந்தது. தூண்டில்தான் வழி. வயலில் தவளை பிடித்து முள்ளில் கோத்துப் போட்டேன். ஒன்று சிக்கியது. நல்ல பெரிய விரால். அவசரப்பட்டு இழுத்ததில் மேலுதடு கிழிந்து பிளந்துவிட்டது. கிழிவாயன் என்று அதற்கு அப்போதே பெயர் வைத்தேன்.

பிடித்த விராலை மீனவர் சங்கத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது உத்தரவு. சங்கத்து முனியம்மா அதைப் பானைத் தண்ணீரில் உயிரோடு போட்டுச் சந்தைக்குக் கொண்டுபோவாள். விரால் அப்படித்தான் விற்கும், கொஞ்சம் தண்ணீர் இருந்தால் போதும், நாள் முழுக்கத் துள்ளிக்கொண்டிருக்கும்.

அடுத்த வாரம் மறுபடி தூண்டிலில் ஒரு விரால். கரைக்கு இழுத்துப் பார்த்தால் மேலுதடு கிழிந்திருக்கிறது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். கிழிவாயனேதான். புண்கூட சரியாக ஆறவில்லை. பேய் பிடித்ததோ என்றுகூட நினைத்தேன். பானையோடு முனியம்மாவிடம் ஓடினேன்.

"போன வாரம் இந்த மீனை யாருக்கு வித்த?"

"நயினாருக்குத்தான்பா. அவரு ஒருத்தர்தான் பேரம் பேசாம வாங்கிக்கினு போறாரு. நல்ல மனுசன்" என்றாள்.

ஏரியின் வடகரையை ஒட்டிச் சமணர் ஊர். அங்கே பெரிய விவசாயி அப்பாண்டை நயினார். மணிலாக்கொட்டை வியாபாரமும் உண்டு. சதுர்த்தசிக்குச் சதுர்த்தசி அவர் சந்தைக்குப் போவார், உயிரோடு இருக்கிற மீனை வாங்குவார், கொண்டுவந்து ஏரியில் விடுவார். அவர் அப்பா காலத்திலிருந்து நடக்கிற தருமம். உயிரோடு சந்தைக்கு வருவது விரால் ஒன்றுதான். கெண்டை வகையெல்லாம் வலையிலேயே செத்துவிடும். ஆகக் குஞ்சுகளைத் தின்கிற மீனாகப் பார்த்துப் பொறுக்கியெடுத்து, குஞ்சு விட்ட ஏரியாகப் பார்த்து அந்த நல்ல மனுஷர் விட்டுக்கொண்டிருந்தார். நான் அரும்பாடுபட்டுப் பிடித்ததை முனியம்மா விற்க, அவள் விற்றதை அவர் விட, அவர் விட்டதை நான் மறுபடி பிடிக்க, செக்கு மாடுகூட இதைவிட உருப்படியான வேலை செய்யும்.

உத்தரவுப்படி கிழிவாயனை மறுபடி முனியம்மாவிடமே கொடுத்துவிட்டு நேரே நயினார் களத்துக்குப் போனேன். நல்ல உயரம், வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. விஷயத்தைச் சொன்னேன்.

"நயினாரே, நீங்க ஒரு உயிரைக் காப்பாத்துறீங்க. அது உள்ள போயி ஆயிரம் உயிரைத் தின்னுது. இது எந்த ஊரு தருமம்?"

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"அந்தக் குஞ்சையெல்லாம் எதுக்குப்பா வளக்குறீங்க?"

"வளந்தா பிடிக்கத்தான்."

"அப்ப அதுங்க கதை எப்பிடியும் அதானே தம்பி? நான் விட்டதாவது உசிரோட இருக்கட்டுமே."

வேலை போய்விடும், வீட்டில் பச்சைக் குழந்தை என்றேன். அதற்கு மட்டும் அவர் முகம் மாறியது. "அய்யோ, அப்பிடியா?" என்று துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

இந்த இடத்தில் என் மேலதிகாரியைச் சொல்லியாக வேண்டும். இன்ஸ்பெக்டர் சபாபதி. பட்டதாரி. என்னைவிட இரண்டு வயது சின்னவர். நீலகிரியில் ட்ரவுட் மீன் பண்ணையில் இருந்துவிட்டு வந்தவர், தூண்டிலில் அசகாய சூரர். அதெல்லாம் எனக்குச் சம்மதம்தான். ஆனால் அந்த மனிதர் ஒருநாளும் குரலை உயர்த்த மாட்டார். அதட்ட மாட்டார். 'வாங்க, போங்க' என்பார். எதற்கெடுத்தாலும் "கொஞ்சம் பொறுங்களேன்" என்பார். மார்கழிப் பனியில் நான் மப்ளர் சுற்றிக்கொண்டு பல் கிடுகிடுக்க நின்றால், அரைக்கைச் சட்டையோடு வந்து, "இது குளிரா? ஊட்டியில..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்வார். சத்தம் போட்டுத் திட்டுகிற அதிகாரியிடம் பதிலுக்கு மனசுக்குள் திட்டிக்கொண்டு நிம்மதியாகக் காலம் தள்ளலாம். இவரிடம் அதற்கும் வழியில்லை.

சபாபதி நயினாரைப் போய்ப் பார்த்தார். என்னைக் கேட்காமலேயே ஒப்பந்தம் பேசி முடித்துவிட்டு வந்தார். நயினார் இனிமேல் ஏரியில் விரால் விட மாட்டார். அவர் ஏற்கெனவே விட்டதையெல்லாம் நாங்கள் எடுத்துவிடலாம். ஆனால் ஒன்றைக்கூடக் கொல்லக் கூடாது, விற்கக் கூடாது. உயிரோடு கொண்டுபோய்ப் பாலாற்று மடுவில் விட வேண்டும். அவர் கண்ணால் பார்க்க வேண்டும்.

"பாலாறு வரைக்குமா? எதுல சார் கொண்டுபோறது?"

"உங்ககிட்ட சைக்கிள் இருக்கே" என்றார் சபாபதி, மெதுவாக.

"எல்லாத்தையும் எடுத்தாச்சுன்னு எப்பிடித் தெரியும்?"

"அவர் விட்டது அவருக்கு மனப்பாடமா தெரியுது. ஒவ்வொண்ணா கழிச்சுக்கிட்டே வரலாம்."

இப்படியாக அரசாங்க உத்தியோகஸ்தனாகிய நான் விரால்களுக்கு வண்டிக்காரன் ஆனேன்.

முதல் நாள் தூண்டிலோடு கரைக்குப் போனோம். நயினார் முன்னாலேயே வந்து பனை நிழலில் உட்கார்ந்திருந்தார். பனை மட்டையில் அவர் சோற்று மூட்டை தொங்கியது. நான் டப்பாவிலிருந்து தவளையை எடுத்தேன்.

"அது இன்னாபா?"

"தவளைங்க. இரை."

"ஒண்ணைக் காப்பாத்துறதுக்கு இன்னொண்ணைக் குத்துவீங்களா? வேணாம்பா."

நான் சபாபதியைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டார். "ட்ரவுட்டுக்கு நாங்க நூல்ல பூச்சி கட்டுவோம். நூல்லயே தவளை கட்டலாம். உங்க ஊர்ல பட்டு நூலுக்குப் பஞ்சமா?"

வீட்டுக்குப் போய் அண்ணன் தறியில் கழித்துப்போட்ட பட்டு நூலைப் பொறுக்கிவந்து, அவர் சொன்ன மாதிரி முள்ளில் சுற்றிக் கொத்தாகக் கட்டினேன். அழகாகத்தான் இருந்தது. மறுநாள் நயினார் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"பட்டா? எத்தினி புழுவைக் கொதிக்கிற தண்ணியில போட்டாங்களோ. எங்க ஊட்டுக் கல்யாணத்துலகூட நாங்க இதைத் தொடறதில்ல தம்பி."

சரி, ஜரிகை. வெள்ளி பளபளக்கும், மீனுக்கும் கண்ணில் படும். ஜரிகைத் துணுக்கை வைத்துக் கட்டிக்கொண்டு போனேன். அவர் நகத்தால் ஜரிகையை நெருடி, மேலே சுற்றிய வெள்ளியை உரித்து, உள்ளே இருந்த சிவப்பு இழையைக் காட்டினார். "இது இன்னா? இதுவும் பட்டுதானே?"

நெசவாளி மகன் எனக்கு அது தெரியாதா? தெரியும். ஜரிகைக்கு உள்ளிழை பட்டுதான். அவருக்குத் தெரியாது என்று நினைத்தேன், அவ்வளவுதான். எனக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறிவிட்டது. தூண்டில் கம்பைத் தரையில் போட்டுவிட்டு, "நயினாரே, நீங்களே இறங்கி 'வாடா கண்ணா'ன்னு கூப்பிடுங்க, வந்தாலும் வரும்" என்று கத்தினேன். நயினார் சிரித்தார். சபாபதி, "கொஞ்சம் பொறுங்களேன்" என்றார்.

பெரிய காஞ்சிபுரத்தில் ராஜவீதி சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டி ஒட்டி மிச்சமான பழைய டியூப் குவிந்து கிடக்கும். சபாபதி அதில் ஒரு துண்டு வாங்கி வரச் சொன்னார். கத்தரிக்கோலால் வெட்டி, மடித்து, உள்ளே தக்கை வைத்து, இரண்டு கால் மாதிரி பின்னால் நறுக்கித் தொங்கவிட்டார். முள் மடிப்புக்குள் மறைந்திருக்கும், மீன் வாயை மூடி அமுக்கினால்தான் வெளியே வரும். அதனால் பாசியிலும் கருவேல முள்ளிலும் மாட்டாமல் நழுவி வரும். நயினார் அதை முகர்ந்து பார்த்தார், நாக்கால் தொட்டுக்கூடப் பார்த்திருப்பார். "ரப்பர் மரத்துப் பால்" என்று சபாபதி உறுதி சொன்ன பிறகு ஒப்புக்கொண்டார். காரில் வந்த பிள்ளைகளே, உங்கள் வெளிநாட்டுத் தவளையின் தாத்தா ராஜவீதி சைக்கிள் கடையில் பிறந்தவன்.

இனி நீங்கள் கேட்ட டெக்னிக். இது சபாபதியின் முறை. குறை சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் சொல்ல ஒன்றுமில்லை.

விடியற்காலையில் போகாதீர்கள். வெயில் காலத்தில் அது சரி. மார்கழி, தை மாதங்களில் பனி விலகி, வெயில் தண்ணீரில் உறைக்கிறவரை விரால் அடியில் கட்டை மாதிரி கிடக்கும். உச்சிப் பொழுதுக்குப் பிறகு கொஞ்ச நேரம்தான் அதற்கு உயிர் வரும். இடம், வாடைக் காற்று படாத கரையோரம். இந்த ஏரியில் வடக்கே பனைவரிசை காற்றை மறித்து நிற்கிற இடத்தில் தண்ணீர் ஆழம் குறைவு, சீக்கிரம் சூடேறும். செருப்பைத் தூரத்திலேயே கழற்றிவிட வேண்டும். மண்ணில் அதிர்ந்து நடந்தால் அதற்குத் தெரிந்துவிடும். சபாபதி கர்ப்பகிரகத்துக்குள் போகிற மாதிரி போவார். நிழல் தண்ணீரில் விழாமல் உட்கார்ந்துகொள்வார். பேச்சு கிடையாது, மோவாயை மட்டும் ஆட்டிக் காட்டுவார்.

விரால் அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் காற்று குடித்தாக வேண்டும். குளிரில் அதற்கும் சோம்பல், எப்போதாவதுதான் வரும். அந்த 'ப்ளக்' கேட்கிறவரை தூண்டிலையே தொடக் கூடாது. கேட்டதும் அந்த இடத்திலேயே போடுவது முட்டாள்தனம். அதற்கு அப்பால் தள்ளிப் போட்டு, மெதுவாக அந்த இடத்துக்கு மேலே கொண்டுவர வேண்டும். ஒரு சாண் இழுத்தால் நிறுத்த வேண்டும். தண்ணீரின் வளையம் அடங்கும்வரை தவளை அசையக் கூடாது. "தவளை மாதிரி இருந்தா போதாது. தெம்பில்லாத தவளை மாதிரி இருக்கணும். குளிர்ல அது ஓடற இரையைத் துரத்தாது" என்பார் சபாபதி, காதோடு காதாக.

கடைசி விஷயம்தான் என் உயிரை வாங்கியது. தண்ணீர் உடைந்து தவளை மறைகிறதா, அப்போது இழுக்கக் கூடாது. குளிர்கால விரால் இரையை உதட்டில்தான் கவ்விக்கொண்டிருக்கும். இழுத்தால் ரப்பர்தான் வரும். கயிறு தானாக ஒரு பக்கமாக நகர ஆரம்பிக்கிறவரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். எத்தனை நாள் நான் இழுத்துத் தொலைத்தேன்! ஒவ்வொரு தடவையும் சபாபதி பெருமூச்சுகூட விடாமல், "பரவாயில்லை, கொஞ்சம் பொறுத்திருக்கலாம்" என்பார். அந்தப் 'பரவாயில்லை'யைக் கேட்காமல் இருப்பதற்காகவே நான் பொறுமையைக் கற்றுக்கொண்டேன்.

மீன் கிடைத்துவிட்டால் அதற்குமேல்தான் கூத்து. பானைத் தண்ணீரில் விரால், பானை நயினார் மடியில், நயினார் என் சைக்கிள் கேரியரில். வாடைக்காற்று எதிரே. பாலாறு வரை மிதிக்க வேண்டும். விரால் துள்ளுகிற ஒவ்வொரு தடவையும் ஐஸ் தண்ணீர் என் முதுகில் இறங்கும். "பாத்துப்பா, பள்ளம்" என்பார் நயினார். பள்ளத்தில் விழுந்தால் மீனுக்கு வலிக்குமே. மடுவில் விட்டுவிட்டு உடனே திரும்ப வேண்டும். ஏனென்றால் பொழுது சாய்ந்தபின் அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார், சமண நியமம். மீனோ உச்சிக்குப் பிறகுதான் கடிக்கும், அவரோ பொழுதிருக்கச் சாப்பிட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் என் கணுக்கால். திரும்பிவந்து, மட்டையில் தொங்குகிற மூட்டையை அவிழ்த்து, மேற்கே ஒரு கண் வைத்துக்கொண்டு அவசர அவசரமாகச் சாப்பிடுவார்.

வீட்டில் சரோஜா வேறு. பிள்ளை பெற்றவளுக்கு விரால் குழம்பு நல்லது என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

"ஊர்ல இருக்கிற விராலெல்லாம் உங்க கைக்கு வருதாம். நம்ம சட்டிக்கு ஒண்ணாவது வருதா? மீன் ஆபீஸ்ல வேலைன்னு பேரு, ஊட்டுல தெனம் கத்திரிக்கா."

"அதெல்லாம் நயினார் மீனு."

"அவருதான் தின்ன மாட்டாரே!"

"அதனாலதான் நமக்கும் இல்ல" என்றேன். எனக்கே நான் சொல்வது புரியவில்லை.

மாசி பிறந்து வெயில் லேசாக ஏற ஆரம்பித்தது. நயினாரின் மனக்கணக்கில் ஒவ்வொன்றாகக் கழிந்து, ஒன்றே ஒன்று மிச்சம். கிழிவாயன். என்னிடம் இரண்டு தடவை அகப்பட்டு, இரண்டு தடவையும் நயினார் வாங்கி ஏரியில் விட்டவன், எல்லா வித்தையும் தெரிந்தவன். ரப்பர் தவளைக்குக் கீழே வந்து நிற்பான், பார்ப்பான், போய்விடுவான்.

செங்கல்பட்டு ஆபீசிலிருந்து அறிக்கை கேட்டு ஆள் வந்துவிட்டது. ஏரியில் விரால் இல்லை என்று சபாபதி எழுதினால் திட்டம் தொடரும். இருக்கிறது என்றால் இந்த ஏரியை விட்டுவிடுவார்கள்.

"ஒரே ஒரு விரால் சார். இல்லைன்னு எழுதிடுங்க. அது என்ன பெரிசா தின்னுடப்போவுது?"

"ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டே எப்படிங்க இல்லைன்னு எழுதறது?" என்றார். அதே மெதுவான குரல். "நான் செங்கல்பட்டுல கூட்டத்துக்குப் போறேன். நாளைக் காலையில வந்து எழுதறேன். இன்னிக்கு ஒரு பகல் இருக்கே."

அன்று நானும் நயினாரும் மட்டும். உச்சிப் பொழுதில் மதகுப் பக்கம் ஒரு 'ப்ளக்'. தவளையைத் தள்ளிப் போட்டு மேலே கொண்டுவந்தேன். தண்ணீர் உடைந்தது. என் கை என் பேச்சைக் கேட்கவில்லை, இழுத்துவிட்டேன். ரப்பர் மட்டும் பறந்து வந்து என் மார்பில் அடித்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"கொஞ்சம் பொறு தம்பி" என்றார் நயினார் பனையடியிலிருந்து. இவரும் ஆரம்பித்துவிட்டார்.

பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. வெயில் மேற்கே சாய்ந்தது. தண்ணீர் குளிர ஆரம்பித்தால் இனி வர மாட்டான். தறிக்குழி என் கண்ணுக்குள் வந்து நின்றது, அண்ணன் சிரிப்பது காதில் கேட்டது. அப்போது மறுபடி அந்தச் சத்தம், அதே இடத்தில். போட்டேன். ஒரு சாண் இழுத்தேன். விட்டேன். தவளை பாசிமேல் செத்த மாதிரி கிடந்தது. தண்ணீர் உடைந்தது. நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். பார்த்தால்தானே இழுக்கத் தோன்றும்? கயிறு விரலில் மெதுவாக நகர்ந்தது, ஒரு பக்கமாக, தெம்போடு. அப்போது இழுத்தேன்.

கரைக்கு வந்தவன் கிழிவாயனேதான். குளிர்காலம் முழுக்க என்ன தின்றானோ, பெருத்துவிட்டிருந்தான். பானையில் முகம் முட்டியது, வால் மடங்கியது. வழக்கம்போல நயினாருக்காகச் சைக்கிளைச் சாய்த்துப் பிடித்தேன். அவர் சூரியனைப் பார்த்தார், பானையைப் பார்த்தார்.

"நீ மட்டும் எடுத்துக்கினு போ தம்பி. நான் வரலை."

நான் பானையைக் கேரியரில் கட்டினேன். குளிர்காலம் முழுக்க ஒரு தடவைகூட என்னைத் தனியாக விடாதவர். சாப்பாட்டு நேரம் வந்ததும் உயிர்மேல் இருந்த அக்கறையெல்லாம் போய்விட்டதாக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன்.

பெங்களூர் ரோட்டுக்கு வந்ததும் பாதை பிரிகிறது. ஒரு பக்கம் பாலாறு. ஒரு பக்கம் காஞ்சிபுரம், என் வீடு, சரோஜாவின் சட்டி. ஏரியை விட்டு மீன் வெளியே வந்தாயிற்று. என் வேலைக்கு வேண்டியது அவ்வளவுதான். மடுவில் விட்டேனா, குழம்பில் விட்டேனா, யார் கேட்கப்போகிறார்கள்? பானைக்குள் கிழிவாயன் தலையால் முட்டினான். பாவி மனுஷன் கூடவே வந்து தொலைத்திருந்தால் இப்படி நடுரோட்டில் நிற்க வேண்டியிருக்காது. நம்பி அனுப்புகிறவனைப்போல ஒரு தொல்லை உலகத்தில் கிடையாது. அவரைத் திட்டினேன், சபாபதியைத் திட்டினேன், மீனைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். திட்டிக்கொண்டே பாலாற்றுப் பக்கம் திருப்பினேன்.

மடுவில் விட்டதும் அவன் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றான். பிறகு வாலை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விட்டான். அத்தோடு ஏரி சுத்தம். மறுநாள் காலையில் சபாபதி வந்து, "விட்டுட்டீங்களா?" என்று ஒரே கேள்வி கேட்டார், "விட்டுட்டேன்" என்றேன், எழுதிவிட்டார். கோடையில் தண்ணீர் இறங்கி முள்ளெல்லாம் வெளியே தெரிந்ததும் வலை கொள்ளாமல் கட்லா வந்தது. வேலை நிரந்தரமானது, அதில் இருந்துதான் பென்ஷன் வாங்குகிறேன். இதெல்லாம் பிறகு.

அன்று திரும்பி வரும்போது சூரியன் இறங்கிவிட்டது. பானை நயினாருடையது, வீட்டில் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று கரைவழியாக வந்தால், பனையடியில் வெள்ளையாக யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள்.

"சேந்துச்சா?" என்றார் நயினார்.

"சேந்துச்சு. நல்லா போச்சு. நீங்க இன்னும் இங்க இன்னா பண்றீங்க?"

மட்டையில் சோற்று மூட்டை கட்டியது கட்டியபடி தொங்கியது. எனக்குப் புரியவில்லை. "சாப்பிடலையா? சாப்பிடத்தானே நின்னீங்க?"

"அது பானையில முட்டிக்கினே இருந்துச்சே, பாக்கலையா? நானும் ஏறினா சைக்கிள் மெதுவாப் போவும். சீக்கிரம் போவட்டுமேன்னுதான் நின்னுக்கினேன்."

"அப்ப சாப்பிட்டிருக்கலாமே! மூட்டை இங்கயேதானே இருக்குது!"

"அது போயிச் சேந்துச்சான்னு தெரியாம எப்பிடிப்பா சோறு இறங்கும்?"

"இப்பதான் தெரிஞ்சிபோச்சே, சாப்பிடுங்க" என்று கத்தினேன்.

அவர் மேற்கே பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை. எழுந்து மூட்டையை அவிழ்த்து என் கையில் கொடுத்தார். "காலையில பாத்துக்கலாம். ஊட்டுல புள்ள பெத்தவ இருக்காளே, எடுத்துக்கினு போ. புளிச்சோறு, நல்லா இருக்கும்." வெறும் பானையை எடுத்துக்கொண்டு இருட்டில் ஊர்ப்பக்கம் நடந்துவிட்டார். காலையிலிருந்து பட்டினி கிடந்த மனிதர், நடை மட்டும் தளரவில்லை.

சரோஜா மூட்டையைப் பிரித்துப் பார்த்தாள். "விரால் எங்க?"

சொன்னேன். அவள் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள். "பூண்டு இல்ல, வெங்காயம் இல்ல, ஆனா நல்லா இருக்குது" என்றாள். அடுத்த வாயைக் கையில் எடுத்தவள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்ப அவரு நாளைக்குக் காலை வரைக்கும் ஒண்ணும் சாப்பிட மாட்டாரா?"

"மாட்டாரு."

"நீங்களாவது சாப்பிடுங்க. காலையில போனது."

தட்டைப் போட்டுப் பாதியை எனக்கு வைத்தாள். நாள் முழுக்கத் தூண்டில் போட்டு, பாலாறு போய் வந்த பசி. கை வைத்தேன். ஒரு பருக்கை இறங்கவில்லை. கோபத்தினால்தான் என்று சரோஜாவிடம் சொன்னேன்.